கண்மாய்க்குள் நின்ற விமானம்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் எங்கள் பயிற்சிக் கழகத்தின் சிறிய விமானம் ஒரு நாள் மாலை இறங்கிவிட்டது. எஞ்சின் திணறியதும் விமானி பத்திரமாக இறக்கி, பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, போன் தேடி நடந்திருக்கிறார். மெக்கானிக்கான நான் மறுநாள் காலையில் திருச்சியிலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் கண்மாய்க்கு அன்றைக்குத்தான் தண்ணீர் முறை. பொழுது அடைந்தால் முறை அடுத்த ஊருக்குப் போய்விடும். இழுத்து மேலே ஏற்றலாமென்றால் கரை செங்குத்து; பறந்துதான் வெளியேற வேண்டும். எங்களுக்காக ஊர்க்காரர்கள் வரத்து வாய்க்காலை மண்போட்டு அடைத்து வைத்திருந்தார்கள்.

"உச்சி வரைக்கும் பொறுக்குறோம்ங்க. அதுக்கு மேல நாத்து தாங்காது" என்றார் ஊர்த் தலைவரான அம்பலகாரர்.

நான்கு நட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டரை இறக்கினேன். மிதவை, ஊசி, ஜெட்டுகள், வாஷர்கள் எல்லாவற்றையும் துண்டில் பரப்பி எண்ணினேன். பதினேழு. பெட்ரோல் பீறிடும் பெரிய ஜெட்டின் துளையில் ஒரு மணல் துகள். ஊதி எடுத்து, திரும்ப எண்ணி, பூட்டினேன். விமானி உள்ளே ஏறிக் குழாயைத் திறந்துவிட, நான் மூக்கிலிருந்த விசிறியைக் கையால் சுழற்றினேன். எஞ்சின் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் இருமி நின்றுவிட்டது.

மறுபடி கழற்றினேன். மிதவைக் கிண்ணம் நிறையத் தண்ணீர்.

"டாங்கியை யாராவது தொறந்தீங்களா?"

"சூடா மூச்சு வாங்கிக்கிட்டு நின்னுச்சுங்க" என்றார் அம்பலகாரர். "பஸ்ஸுக்கு ஊத்துற மாதிரி ஒரு கொடம் ஊத்துனோம்."

"ரெண்டு கொடம்" என்று பின்னாலிருந்து ஒருவர் திருத்தினார். "அதுக்கு மேல கொள்ளலை."

டாங்கி மேல் இறக்கையில் இருந்தது. குழாயைக் கழற்றிவிட்டேன். அடியில் தங்கிய தண்ணீர் முழுவதும் வந்த பிறகுதான் பெட்ரோல் வரும். தண்ணீர் நூல் போல ஒழுகியது. குழாயைத் தட்டினேன், ஊதினேன். விமானி "ஆச்சா?" என்று ஏழாவது தடவை கேட்டபோது அவரை அடித்துவிடலாம் போலிருந்தது. விரலில் பெட்ரோல் வாசனை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அம்பலகாரர் வந்து நின்றார். "கோவிச்சுக்கிராதீங்க. சொன்னதுக்கு மேலயே பொறுத்துட்டோம். முறை போச்சுன்னா அங்கிட்டுக்காரன் சொட்டு விடமாட்டான்."

அவர் தலை சாய்த்ததும் வாய்க்கால் அடைப்பின் மேல் மண்வெட்டிகள் விழுந்தன. நான் கார்புரேட்டரைப் பூட்டத் தொடங்கினேன். நான்காவது நட்டை முறுக்கும்போது தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

விசிறியைச் சுழற்றினேன். ஒரே சுற்றில் பிடித்தது. இருமல் இல்லை, திணறல் இல்லை; அந்த எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடி நான் கேட்டதில்லை. விமானி முழு வேகம் கொடுத்தார். விமானம் உதறியது. சக்கரம் சேற்றை விட்டு ஒரு முழம்கூட நகரவில்லை.

அவர் எட்டிப் பார்த்துக் கையால் கேட்டார், எஞ்சினை நிறுத்தட்டுமா என்று. நான் வேண்டாமென்று கையாட்டினேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.