மாறிப்போன முதல் வாசகம்

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் என் கணவர் சூசை மரத்திலிருந்து விழுந்தார். எஸ்டேட்டில் மிளகு பறிக்க, கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்தார். பனியில் நனைந்த மூங்கில் ஏணி சறுக்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகச் சாப்பிட்டு, சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்தால் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆம்புலன்ஸ் எங்கள் ஊரான வெள்ளக்கடையில் எங்களை இறக்கிவிட்டுப் போனது. அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

நான் எஸ்டேட் ஆபீஸில் வேலை செய்கிறேன். எங்கள் கோயிலில் ஞாயிறு திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவள். வருடக்கணக்காக டைரி எழுதுகிறேன். ஞாயிறு என்ன வாசகம், எந்த இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும், அந்த வாரம் அது என் வாழ்க்கையில் எதைத் தொட்டது என்று எழுதி வைப்பேன். சூசை விழுந்த பிறகு அந்தக் கடைசிப் பகுதி வெறுமையாகவே கிடந்தது. "கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை." வாரா வாரம் இதைத்தான் எழுதினேன்.

இறந்துபோன லாசரை இயேசு உயிர்ப்பித்த நற்செய்தி வாசிக்கப்பட்ட ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன்: "ஏனுங்க, செத்தவரே எந்திரிச்சு வந்தாருங்க. உங்களால சாஞ்சாவது உக்கார முடியாதுங்களா?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அவரு செத்த பொறவுதான கூப்பிட்டாங்க. எனக்கும் அப்பிடியே ஆவட்டும். உடு."

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்ட பிரசங்கத்தை வீட்டுக்கு வந்து அவரிடம் மறுபடி செய்தேன். விசுவாசம் இல்லையா என்று கேட்டேன். அழுதேன். அவர் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டு ராசாத்தி கொய்யாப்பழத்தோடு வந்து வாசலிலிருந்தே கேலி பேசுவாள்: "என்னங்கண்ணா, செவுத்துல சினிமா ஓடுதுங்களா? எங்களுக்கும் ஒரு டிக்கெட் குடுங்க." முன்பெல்லாம் அவளுக்குச் சரிக்குச் சரி பதில் கொடுக்கிற மனுஷன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் மூடுபனி இறங்கி, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. துணிகள் காயவில்லை. அவர் முதுகில் புண் வைக்கத் தொடங்கியது. புண்ணைத் துடைத்துக் கட்ட வந்த நர்ஸம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, இவரு சாப்பிடாம இருந்தா புண்ணு ஆறாதுங்க. இப்பிடியே போனா உசுருக்கே ஆபத்துங்க." எழுந்து நடக்க வேண்டும் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவள், அடுப்படியில் நின்று ஜெபத்தை மாற்றிக்கொண்டேன். "ஆண்டவரே, நடக்க வேண்டாம். ஒரு வாய் சாப்பிடட்டும்."

அது சனிக்கிழமை. மறுநாள் நான் வாசிக்க வேண்டும். வழக்கம்போல அடுப்படியில் நின்று சத்தமாகப் படித்துப் பழகினேன். எலியா இறைவாக்கினர் உயிருக்குப் பயந்து பாலைவனத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்கிறார். அப்படியே தூங்கிப்போகிறார். வானதூதர் அவரைத் தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்கிறார். தலைமாட்டில் அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. அவர் சாப்பிடுகிறார், குடிக்கிறார், மறுபடியும் படுத்துக்கொள்கிறார்.

அந்த இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மறுக்காவும் படுத்துக்கிட்டாரா?"

"ஆமாங்க."

"தூதரு திட்டலையா?"

புத்தகத்தைப் பார்த்தேன். பல தடவை படித்த பகுதிதான். இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை. "இல்லீங்க. ரெண்டாந் தடவையும் வந்து தொட்டு எழுப்புனாரு. சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் நொம்ப இருக்குதுன்னு சொன்னாரு. அவ்வளவுதானுங்க."

அவர் சொன்னார்: "கஞ்சி இருந்தா கொஞ்சம் கொண்டா."

ராகிக் கஞ்சி. அரை டம்ளர் குடித்தார். நான் டம்ளரை வாங்கி வைத்தேன். அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதல் முறையாக எனக்கு அது கோபத்தைத் தரவில்லை.

மறுநாள் வாசக மேடையில் புத்தகத்தைத் திறந்தபோது திகைத்துப்போனேன். அங்கே அடையாளம் வைத்திருந்தது நான் பழகிய பகுதி இல்லை. அதற்கு அடுத்த பகுதி. வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. நிறுத்தங்களைப் பார்க்க மூன்று வருடம் முந்திய டைரியை எடுப்பதற்குப் பதில், இரண்டு வருடம் முந்தியதை எடுத்து, அதில் குறித்திருந்த பகுதியைப் பழகியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு இது நடந்ததில்லை.

பழகாமலே வாசித்தேன், தடுமாறினேன். எலியா மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பெருங்காற்று வீசுகிறது, ஆண்டவர் அதில் இல்லை. நிலம் அதிர்கிறது, தீ எரிகிறது, அவற்றிலும் இல்லை. அதன்பின் மெல்லிய ஒலி, அதில்தான் ஆண்டவர் பேசுகிறார். நான் மாதக்கணக்காகப் பெருங்காற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது அரை டம்ளர் கஞ்சி.

அன்று டைரியில் எழுதினேன்: "வாசகம் தவறாகத் தயாரித்தேன். ஆனால் அவருக்குரிய வாசகம் அதுதான்."

எல்லாம் உடனே சரியாகவில்லை. திங்கட்கிழமை எதையும் தொடவில்லை. மறுநாள் ஒரு இட்லி சாப்பிட்டார். நான் பிரசங்கம் செய்வதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமைதோறும் வாசகத்தை மட்டும் சத்தமாகப் படிப்பேன். சில வாரம் கேள்வி கேட்பார். பல வாரம் கேட்க மாட்டார். உணவைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, தோளைத் தொட்டு, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். புண் மெதுவாக ஆறியது. ஒருநாள் ராசாத்தி வழக்கம்போல வாசலில் நின்று, "என்னங்கண்ணா, இன்னும் படம் ஓடுதுங்களா?" என்றாள். "முடிஞ்சு உட்டுட்டாங்க புள்ள. படம் நல்லால்ல" என்றார். அவள் கொய்யாவைக் கீழே போட்டுவிட்டு அழுதேவிட்டாள்.

இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் நெருங்குகிறது. வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் வருகிறார். மழை பெய்தால் வலியில் துடிக்கிறார். இனி மரம் ஏற முடியாது. அது அவருக்குத் தெரியும். சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறார். ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று உங்கள் முன்னால் சாட்சி சொல்கிறேன். நான் கேட்டது ஒரு வாய். அவர் கொடுத்தார். இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது அந்தச் செடிக்குக் கீழே படுத்திருக்கலாம். அவர்களைத் திட்டாதீர்கள். எலியாவும் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவர்தான். தூதர் இரண்டாம் முறையும் வந்தார். ஆண்டவரை நம்பி, நீங்களும் இன்னொரு தடவை கஞ்சியைச் சூடாக்குங்கள்.