குடலுக்குள் நடந்து வந்தவை

அந்த மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் அவருக்கு மைக்ரான் அக்கா என்று பெயர். மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். சதைத் துணுக்கை உறைய வைத்து, ஐந்து மைக்ரான் கனத்தில் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது அவர் தொழில். முப்பத்தொரு ஆண்டுகள் அதைச் செய்தார். வீட்டிலும் அதே கைதான். அவர் நறுக்கிய கேரட்டின் வழியே மறுபக்கம் தெரியும்.

"அம்மா, இதைச் சாப்பிடணுமா, மைக்ராஸ்கோப்புல வைக்கணுமா?" என்பாள் மகள்.

"முதல்ல பாரு. அப்புறம் சாப்பிடு."

அவர் இல்லாத அந்தச் சமையலறையில் இப்போது கேரட் தடித்தடியாகத்தான் விழுகிறது.

ஒரு நாள் காலை, குழந்தையின் முதல் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகல் வாங்க ஓர் இளம்பெண் ஆய்வக ஜன்னலுக்கு வந்தாள். பிறந்து பன்னிரண்டு நாளான மகனுக்கு அன்று அறுவை சிகிச்சை. குழந்தைக்குத் தானாக மலம் போகவில்லை. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. காகிதத்தை வாங்கிய பிறகும் அவள் நகரவில்லை.

"அக்கா, நான் மாடிப்படி ஏறி இறங்கினதாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க. நெஜமா?"

நோயாளி வீட்டாரிடம் ஆய்வகத்தார் பேசக் கூடாது என்பது விதி. அக்கா கையுறையைக் கழற்றினார்.

"உங்க மாமியாருக்குப் படியேறினா மூச்சு வாங்கும்போல. இங்க பாரும்மா. குடலுக்குன்னு தனியா நரம்பு இருக்கு. அது குடல்லயே முளைக்கிறதில்ல. கரு உண்டான நாலாவது வாரம், கழுத்துப் பக்கத்துலேருந்து செல்லுங்க கிளம்பும். குடலோட மேல்முனையில நுழைஞ்சு, பெருகிப் பெருகிக் கீழ நடக்கும். ஏழாவது வாரத்துக்குள்ள கடைசிவரைக்கும் போய்ச் சேரணும். குடலும் சும்மா இருக்காது, நீண்டுக்கிட்டே போகும். நடக்க நடக்க ரோடு வளர்ற மாதிரி. சில குழந்தைங்களுக்குக் கடைசித் தூரம் அதுங்க வந்து சேர்றதில்ல. அந்த இடம் இறுகியே கிடக்கும், எல்லாம் மேல தேங்கிடும்."

"ஏன் வரல?"

"பல சமயம் மரபணுவுல ஏதோ மாற்றம். படி இல்ல. அதுங்க கிளம்பினப்ப உனக்கு நாள் தள்ளிப்போனதே அப்பதான் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பெண் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன செய்வாங்க?" என்றாள்.

"செல் வராத இடத்தை எடுத்துட்டு, வந்த இடத்தைக் கீழ இழுத்துத் தைப்பாங்க. எதுவரைக்கும் வந்திருக்குன்னு நாங்கதான் பாத்துச் சொல்லணும்."

"கொஞ்சமா வெட்டச் சொல்லுங்க அக்கா."

பதினொரு மணிக்குத் துணுக்கு வந்தது. அரிசி அளவு குடல் சுவர். அதை நிமிர்த்தி வைத்து உறைய விட வேண்டும். அப்போதுதான் சீவல் உள்ளிருந்து வெளிவரை குறுக்கே போகும். குடலின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவேதான் அந்த நரம்புச் செல்கள் குடியிருக்கும். அக்காவின் கை அன்று அவசரப்பட்டது. பாசம் கைக்கு ஆகாது. சீவினார், சாயமேற்றினார், ஆய்வக டாக்டரிடம் கொடுத்தார்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் தேடினார். "ஒரு செல்கூட இல்ல. இன்னும் மேல வெட்டச் சொல்லணும்," என்று போனை எடுத்தார்.

கொஞ்சமா வெட்டச் சொல்லுங்க என்றிருந்தாள் அந்தப் பெண். அக்கா அதே மைக்ராஸ்கோப்பில் இன்னொருவர் பார்க்க இருக்கும் இரண்டாவது கண்வில்லையில் குனிந்து பார்த்தார். ஒரே தசை. இழைகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடின. இன்னொரு அடுக்கைக் காணோம்.

"டாக்டர், போனை வைங்க. துணுக்கைப் படுக்க வச்சிட்டேன். நடு அடுக்கு சீவலுக்குள்ளயே வரல. தப்பு என்னோடது."

"நீங்களா?"

"நானேதான். மிச்சத்தை இளக்கி நிமிர்த்தறேன்."

"ரெண்டாவது தடவை உறைஞ்சா சதை ஓட்டை ஓட்டையா ஆயிடுமே. செல் இருந்தாலும் தெரியாம போகலாம்."

"தெரியலைன்னா மேல வெட்டட்டும். பாக்காம வெட்ட வேண்டாம்."

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தது. "மைக்ரான் அக்கா, சதையைச் சீவறீங்களா, செதுக்கறீங்களா? குழந்தை மயக்கத்துல இருக்கு!"

"பத்து நிமிஷம். என் தப்பு. திட்டறதைச் சேத்து வச்சு அப்புறம் திட்டுங்க," என்று போனை வைத்தார்.

இரண்டாவது சீவலில் ஓட்டைகள் இருந்தன. இரண்டு அடுக்குகளும் இருந்தன. நடுவே, ஓட்டைகளுக்குத் தப்பி, ஐந்தாறு பெரிய செல்கள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. டாக்டர் இடம்விட்டு இடம் நகர்த்திப் பார்த்தார். எங்கும் இருந்தன.

"வந்திருக்கு," என்று தியேட்டருக்குச் சொன்னார். "அங்கயே தைங்க."

பதிவேட்டில் அக்கா எழுதினார்: முதல் சீவல் தவறு, துணுக்கு படுக்க வைக்கப்பட்டது. கீழே கையெழுத்து.

இரண்டாம் நாள் ஆய்வகப் போன் அடித்தது. குழந்தையின் அம்மா. நர்ஸிடம் கெஞ்சி நம்பர் வாங்கியிருந்தாள்.

"அக்கா, போயிட்டான்! தானா போயிட்டான்! டயப்பர் நெறைய!"

அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளாக அவர் பார்த்த செல்கள் எல்லாம் கண்ணாடியில் ஒட்டியவை. அவை வேலை செய்கின்றன என்று யாரும் போன் செய்து சொன்னதில்லை. வீட்டுக்குப் போனதும் மகளிடம் முதலில் சொன்னது அதைத்தான். அதுவும் மகள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்.

ஆனால் போனில் அவர் சொன்னது வேறு. "சந்தோஷம்மா. இனிமே கொஞ்ச நாளைக்கு அடிக்கடி போவான். தோல் சிவந்துடும். உடனுக்குடனே வெதுவெதுப்பான தண்ணியில கழுவு. துணியால தேய்க்காத. ஒத்தி எடு."