அரும்பில் உட்கார்ந்த மூன்றாம் வகுப்பு

இன்று சங்கராபுரம் பேருந்தில், முன் இருக்கையில் இருந்தவர் தன் மகளைப் பளாரென்று அறைந்தார். முகம் ஜன்னல் கம்பியில் மோதி அவள் உதடு கிழிந்தது.

“மூணாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல அரும்புக் குழுவுல போட்டுட்டாங்க. ஒண்ணாவது புள்ளைங்களோட குந்திக்கினு இருக்கா” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி கையை ஓங்கினார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அரும்புன்னா ஃபெயில் இல்லீங்க. எழுத்துக் கூட்டத் தடுமாறுற புள்ளைக்கு அங்கேருந்து ஆரம்பிப்பாங்க. படிக்க வந்ததும் அடுத்த குழுவான மொட்டுக்கு மாத்துவாங்க. மூணாவதுல என்னென்ன தெரியணும், அதுல இவளுக்கு எது வரலைன்னு டீச்சரைக் கேளுங்க.”

“அப்டீங்களா” என்று கையைத் தாழ்த்தினார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?”

இன்னோர் அறை.

நான் விளக்கியதில் அவளுக்கு ஓர் அடி கூடியதுதான் மிச்சம். அடுத்த முறை வாயைத் திறக்கவா, வேண்டாமா? ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.