லேப்டாப்பைத் திறந்தால் தவமணி அண்ணன் கடைப் பெயர்

தவமணி அண்ணன் போய்விட்டார்... எங்கள் ஊர் உலு திராமில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். ஹார்ட் அட்டாக்.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? என் லேப்டாப் பாஸ்வேர்டைக் கேட்க அவருக்குப் போன் அடித்தேன். அவர் மனைவி சரசு அக்கா எடுத்தார். "அண்ணன் காலையில போய்ட்டாரும்மா" என்று அழுதார்.

நல்லவர், தங்கமானவர் என்று எழுத இன்று எனக்கு மனசு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு... நான் வீட்டில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்துக் கல்யாண ப்ளவுஸ் தைக்கிறேன். டிசைனை லேப்டாப்பில் வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் போடுவேன். லேப்டாப் பார்த்து வாங்கித் தந்தது, செட் பண்ணியது எல்லாம் அண்ணன்தான். எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே எல்லாம் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று கடையில் வைத்துவிட்டு, ஆற்றிய டீ, அதான் தே தாரேக், குடிக்கப் போய்விட்டேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே?

திரும்பி வந்தபோது என்னை ஒரு பின் நம்பர் போடச் சொன்னார். அதை யாரிடமும் சொல்லக் கூடாது, தன்னிடமும் சொல்லக் கூடாது என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று அன்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

லேப்டாப்பைத் திறந்தால் என் பெயர் வராது. 'தவமணி கம்ப்யூட்டர்' என்றுதான் வரும். ஏன் உங்கள் கடைப் பெயர் வருகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"விளம்பரம்லா தங்கச்சி. கேலண்டர்ல கடைப் பேரு போடறதில்லையா?"

நானும் சிரித்துவிட்டேன். கடைக் கேலண்டர் மாட்டாத வீடு நம்மிடம் ஏது...

அது விளம்பரம் இல்லை. அவருடைய அக்கவுண்ட். என் லேப்டாப் இத்தனை காலமும் அவர் ஈமெயிலில் ஓடிக்கொண்டிருந்தது. பின் நம்பர் மட்டும்தான் என்னுடையது.

பின் வேலை செய்கிறவரை யாருக்கும் எதுவும் தெரியாது. லேப்டாப் பழுதானால் சரிசெய்யப் போகிற சேஃப் மோடில்தான் குட்டு உடையும்.

முன்பு ஒருமுறை அப்டேட் சொதப்பி ஸ்க்ரீன் கறுப்பாகிவிட்டது. போனிலேயே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும், மறுபடி போட வேண்டும், விடாமல் அப்படியே செய்தால் நீலத் திரை வரும், அதில் சேஃப் மோடுக்குப் போக வேண்டும்... போனேன். பின் நம்பரை ஏற்கவே இல்லை. பாஸ்வேர்ட் கேட்டது.

"அது போன்ல சொல்ற விஷயம் இல்ல தங்கச்சி. கடைக்குக் கொண்டாங்க."

கடையில் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிவைத்து எதையோ தட்டினார். சரியாகிவிட்டது. சூடாக வடை வேறு வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டுவிட்டு வந்தேன், மண்டு மாதிரி.

இந்த வாரம் மறுபடி அதே கறுப்பு ஸ்க்ரீன். கையில் இருப்பது சிங்கப்பூர்ப் பெண் ஒருத்தியின் முகூர்த்த ப்ளவுஸ். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கை இரண்டும் முடித்துவிட்டேன். முதுகு டிசைன் லேப்டாப்பின் உள்ளே. சேஃப் மோடுக்குப் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது, அதற்கு மேலே அவர் ஈமெயில். அப்போதுதான் போன் அடித்தேன்.

தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். டிஸ்க்கைக் கழற்றினாலும் அது பூட்டித்தான் இருக்கும், உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமானால் அந்த அக்கவுண்டைத் திறந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை என்றார்.

சாவு வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பைக் காரிலேயே வைத்துவிட்டேன். கூடாரத்தின் கீழே பக்கத்து நாற்காலியில் பாசிர் கூடாங் ஊரில் உள்ள லாரி ஆபீஸ் கிளார்க் ஒருவர். என் காதருகே குனிந்து கேட்டார்.

"உங்க லேப்டாப்லயும் கடைப் பேருதான் வருமா?"

அவர் ஆபீஸ் முழுக்க அப்படித்தானாம். அவருக்குப் பின்னால் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார்...

நாங்கள் வேறு கடைக்குப் போய்விடக் கூடாது என்று செய்தாரா, ஆளுக்கொரு அக்கவுண்ட் திறக்கச் சோம்பலா? இனி யாரிடம் கேட்பது. கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தவரைப் பார்த்து அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

தகனம் முடிந்த மறுநாள் சரசு அக்காவே என்னைக் கூப்பிட்டார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாஸ்வேர்ட் தனக்குத் தெரியாது, ஆனால் அவருடைய ஹேண்ட்போன் தன்னிடம் இருக்கிறது, வந்து பார் என்றார்.

போனேன். என் போனில் அவர் ஈமெயிலைத் தட்டி, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கொடுத்தேன். உங்கள் போனில் அனுமதி கொடுங்கள் என்றது. அக்கா கையில் இருந்த அவர் போன் 'டிங்' என்றது.

சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாமே என்று கமெண்டில் எழுதாதீர்கள். அனுமதி கேட்பது எஸ்எம்எஸ்ஸில் இல்லை, அந்தப் போனுக்குள் இருக்கிற ஆப்பில். அந்தப் போனைத் திறந்தால்தான் முடியும்.

"ஒருநாள் என் விரலை அதுல வைக்கச் சொல்லி, பதிஞ்சு வச்சிருக்கேன்னு சொன்னாரும்மா" என்று அக்கா கட்டைவிரலை வைத்தார்.

திறக்கவில்லை.

சேலையில் விரலைத் துடைத்து மறுபடி வைத்தார். இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக...

"எப்பக் கேட்டாலும் பதிஞ்சாச்சுன்னுதாம்மா சொல்வாரு."

எனக்கு ப்ளவுஸ் மறந்துபோய்விட்டது. போனை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தேன்.

இப்போது இரவல் லேப்டாப்பில், ஞாபகத்தில் இருப்பதை வைத்து முதுகை மறுபடி வரைகிறேன். அது எப்படியோ முடிந்துவிடும்.

போய் வாருங்கள் அண்ணே... அக்காவிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.