பழைய சிப்பைத் தேடி: ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு நாள்

இந்தப் பதிவில் வருபவை:

1. ஏன் கிளம்பினேன்
2. ராயபுரத்தில் சிப் தேடியது
3. திருவொற்றியூர்ப் பட்டறை
4. எண்ணூரில் ஜோடி எந்திரம்
5. என் கருத்து: உலகத் தொழிற்சாலைகள் பழைய சிப்புகளைக் கைவிட்டுவிட்டன, கலைவாணியின் லேத் நின்றதற்கும் அதுவே காரணம்

(நான்காவது தவிர மற்ற தலைப்புகளைக் கிளம்பும் முன்பே எழுதிவிட்டேன். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு வெளியே போகத் தெரியாது.)

ஆயுத பூஜை முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை. என் அண்ணன் மகள் கலைவாணி திருவொற்றியூரில் பட்டறை வைத்திருக்கிறாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு சிஎன்சி லேத், அதாவது உள்ளே இருக்கும் கணினி சொல்கிறபடி தானே இரும்பைக் கடையும் எந்திரம். பழையது, ஏலத்தில் எடுத்தாள். பூஜைக்குப் பிறகு அது ஓடவில்லை. மெமரி சிப் போய்விட்டது, அந்தச் சிப் இப்போது எங்கும் தயாரிப்பில் இல்லை என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பம்பு ஷாஃப்ட் குடுக்கலன்னா, காண்ட்ராக்டர் ஆர்டர தூக்கி எண்ணூர் ஜெபராஜுக்குக் குடுத்துடுவாரு சித்தப்பா. அப்புறம் பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்றாள் போனில்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தியவன். அவள் சொன்னது நான் படித்துவந்ததோடு பொருந்தியது. இன்று உலகப் பணம் எல்லாம் செயற்கை நுண்ணறிவுக்கான நுண்ணிய சிப்புகளை நோக்கி ஓடுகிறது. அவற்றைச் செய்யும் ஆலையைக் கட்டப் பல ஆண்டுகள், மலை மலையாகப் பணம், சுத்திகரித்த தண்ணீர் என்று எல்லாம் ஏராளமாக வேண்டும். செய்யத் தெரிந்த நாடுகள் சில. அவற்றுக்குள் சண்டை வந்தால் சிப் வராமல் எங்கோ ஒரு கார் தொழிற்சாலை காத்துக்கிடக்கிறது. லேத்திலும் லிஃப்டிலும் உழைக்கும் பழைய சிப்புகளில் லாபம் குறைவு. ஆகவே கடைசி ஆர்டர் வாங்கிக்கொண்டு தயாரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் வாங்குபவர் முன்பே சேர்த்து வைத்துக்கொள்வார். ஒன்றே ஒன்று வேண்டியவர் என்ன செய்வார்? ராயபுரம் போவார்.

காலை 8.40க்கு மாதவரத்தில் பேருந்து ஏறினேன். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மூலக்கொத்தளம் தாண்டி, ராயபுரத்தில் இறங்கும்போது பத்தாகிவிட்டது. பழைய போர்டுகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்றில் எங்கள் எண்ணுள்ள சிப் கிடைத்தது. பார்ப்பதற்குப் புத்தம் புதியது. அதுவே எனக்கு உறுத்தியது. பையிலிருந்த பஞ்சில் பெயின்ட் தின்னர் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. வேறு ஏதோ சிப்பைச் சுரண்டி எண்ணை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

"சரியான சந்தேகப் பிராணி நைனா நீ!" கடைக்காரர் சிரித்தார். "நான் இன்னா பண்றது? பெட்டியோட வாங்கறேன், பெட்டியோட விக்கறேன். உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

ஏமாற இருந்தவன் நான். ஆனாலும் "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் சுபாவம் அப்படி.

ஷேர் ஆட்டோவில் டோல்கேட், அங்கிருந்து மெட்ரோ. பதினொன்றரைக்குப் பட்டறையில் இருந்தேன். லேத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் காயாமல் இருப்பதுபோல் இருந்தன. கலைவாணி டீ வாங்கித் தந்தாள். வெறுங்கையோடு வந்ததை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

"இந்த வருஷம் பூஜைய ஜோராத்தான் பண்ணோம் சித்தப்பா. புது பெல்ட்டு, புது ஆயிலு. உள்ள கீற பேட்டரியக்கூட மாத்தினேன்."

"மாத்தும்போது மெயின் கரண்டு ஓடுச்சா?"

"இன்னா கேள்வி இது? பூஜையன்னிக்கு எவனாவது மெயின் போடுவானா? அதுவும் ரெஸ்ட் எடுக்க வாணாமா?"

நான் டீயைக் கீழே வைத்தேன். அந்த எந்திரம் தன் அளவுகளையும் அமைப்புகளையும் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். மெயினை நிறுத்தினால் பேட்டரி தாங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இல்லையென்றால் எல்லாம் அழிந்துவிடும். சிப் சாகவில்லை. அதில் இருந்ததுதான் போய்விட்டது. போனிலேயே இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சுற்றி வளைத்துத்தான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப நானே பொட்டு வெச்சி சாவடிச்சிட்டேங்கறீங்க."

"சாகலம்மா. மறந்துபோச்சு, அவ்வளவுதான்."

அந்த மாடலைத் தயாரித்தவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். அமைப்புகள் வேண்டுமென்றால் அதேபோன்ற இன்னொரு லேத்திலிருந்து நகல் எடுக்க வேண்டும். அன்றைய ஏலத்தில் இந்த மாடல் ஜோடியாக வந்தது. மற்றொன்று எண்ணூரில் பட்டறை வைத்திருக்கும் ஜெபராஜிடம் இருக்கிறது. இரண்டையும் கேட்டவர் அவர்; ஒன்றைத் தட்டிக்கொண்டு வந்தவள் இவள். அன்று முதல் பேச்சில்லை.

"அந்தாளு வாசல்ல நான் போய் நிக்கணுமா?" என்றாள். பிறகு அவளே ஆட்டோவைக் கூப்பிட்டாள். நகல் எடுக்கப் பட்டறை லேப்டாப்பையும் வயரையும் நான் எடுத்துக்கொண்டேன்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் போய்ச் சேர நாற்பது நிமிடம், ஆட்டோவுக்கு 220 ரூபாய். ஜெபராஜ் தென்மாவட்டத்திலிருந்து வந்து இங்கே தொழில் செய்பவர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாம்மா. என்கிட்டருந்து பிடுங்கிட்டுப் போன மெஷினு படுத்துக்கிட்டுல்லா?"

"நக்கலா அண்ணாச்சி? பண்ணிக்கோ. உன் டைமு."

விஷயத்தை நான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம வரைக்கும் நான் சும்மா இருந்தாலே அந்த ஆர்டர் எனக்கு வந்துரும். தெரியும்லா?"

"தெரிஞ்சிதான் வந்துகீறேன்."

அவர் தன் லேத்தைத் திரும்பிப் பார்த்தார். அதன் நெற்றியிலும் அதே சந்தனம், குங்குமம்.

"எம் மெஷின்லயும் பேட்டரி பழசுதான் சார். அடுத்த பூஜைக்கு நானும் மெயின அமத்திட்டுத்தான் மாத்திருப்பேன்" என்றார் என்னிடம். "வயர மாட்டுங்க. ஒரு காப்பி அவளுக்கு. அவ மெஷின் ஓடுனதும் அதுலருந்து ஒரு காப்பி எனக்கு வரணும், ஓடிக் காட்டுன காப்பியத்தான் நம்பி வச்சுக்க முடியும். ஏமாத்தக்கூடாது, ஆமா!"

"நான் பொம்பள, பேச்சு மாறமாட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

நகலை ஏற்றினாலும், சில அளவுகள் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். அவற்றைக் கையாலேயே திருத்தப் புதன்கிழமை முழுக்க ஆனது. மாலையில் முதல் ஷாஃப்ட் கடைந்து வந்தது. கலைவாணி அளந்தாள், நம்பாமல் மறுபடியும் அளந்தாள். வெள்ளிக்கிழமை ஆர்டர் போனது. சனிக்கிழமை அவளே எண்ணூர் போய் ஜெபராஜுக்குச் சொன்ன நகலைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: லாரி நெரிசலுக்கு முன், காலையிலேயே கிளம்புங்கள். டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூருக்கு மெட்ரோவே சுகம். பழைய சிப் வாங்கப் போனால் பஞ்சும் தின்னரும் எடுத்துப் போங்கள். இத்தகைய லேத் வைத்திருப்பவர்கள் மெயின் ஓடும்போதே பேட்டரியை மாற்றுங்கள்; கை படக் கூடாத இடங்கள் உள்ளே உண்டு, தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். பொட்டை வெளியே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஐந்தாவது தலைப்பில் எழுதிய கருத்து. அதன் முன்பாதியை இன்னும் நம்புகிறேன். பின்பாதி தவறு. அதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். நீங்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். உலகத்தையே குற்றம் சொல்லிக்கொண்டு நான் ராயபுரத்தில் தேடிய சிப், கலைவாணியின் லேத்துக்குள் நல்லபடியாகத்தான் இருந்தது. இப்போதும் அதுதான் ஓடுகிறது.