துக்கமணி அடித்த அன்று பிறந்தவள்

மணிக்கயிறு கண்ணில் பட்டதும்தான் அந்த யோசனை வந்தது. அப்போது நான் முழந்தாளில் நின்று மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால், நிற்கவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

சகோதரரே, எங்கள் சின்னக் கோயில் அரியாலைக்குக் கிழக்கே கடலேரிக் கரையில் இருக்கிறது. சென்ற மாதப் புயலில் ஊர்ச்சனம் முழுவதும் பனங்கூடலுக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. என் அக்கா ஜெசிந்தாவால் மட்டும் நடக்க முடியவில்லை. பிரசவ வலி தொடங்கிவிட்டது. அத்தான் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்குப் போயிருந்தார்; அந்தக் காற்றில் படகு ஓடாது. அம்மாவும் நானும் அக்காவைத் தாங்கிக் கோயிலுக்குள் கொண்டுவந்து பாயில் கிடத்தினோம்.

அக்காவின் முதற்பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. என் கையை இறுக்கிப் பிடித்து, "தம்பி, இதையும் பறிகுடுக்கேலாதடா," என்றாள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பாதை தண்ணீருக்குள். மருத்துவிச்சி திரேசம்மாக்கா பள்ளிக்கூடத்தில். இடையில் வெள்ளம். இறங்கிப் பார்த்தேன், கழுத்தளவில் திரும்பிவிட்டேன்.

"ஓடித் திரியாமல் வந்து செபமாலையைச் சொல்லு," என்றார் அம்மா.

சொன்னேன். பாதியில் நின்றது. "மாதாவே, ஆரையாவது அனுப்பு," என்று மட்டும் வாய் திரும்பத் திரும்பச் சொன்னது. அப்போதுதான் கயிறு.

ஆபத்தென்றால் எங்கள் ஊரில் மணியை விடாமல் கடகடவென்று அடிப்போம். அப்படி அடிக்கத்தான் தாவினேன். மழையில் ஊறிய கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. முழுப் பலத்தோடு தொங்கினால் ஒரு அடி விழும். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி தொங்கினால் இன்னொரு அடி.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "டேய், உது துக்கமணியெல்லோ. ஆரைச் சாகக் குடுத்திட்டு அடிக்கிறாய்?"

ஆள் செத்தால்தான் எங்கள் மணி அப்படி ஒவ்வொன்றாக விழும். அக்காவுக்கும் கேட்குமே. ஆனாலும் விட மனம் வரவில்லை. உள்ளங்கை உரிந்தது. ஒரு மணியைக்கூட ஒழுங்காக அடிக்க விடமாட்டீரா என்று ஆண்டவரோடு சண்டை பிடித்துக்கொண்டே தொங்கினேன்.

பிறகு பனைகளுக்கிடையே தலைகள் தெரிந்தன. மண்ணெண்ணெய் இல்லாத காலம், இயந்திரம் ஓடாது; ஆட்கள் வள்ளத்தைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் திரேசம்மாக்கா, மடியில் நனையாமல் சுற்றிய வெள்ளைத்துணியோடு. எங்கள் ஊரில் பிள்ளையைக் கையில் வாங்குபவரும் பிரேதத்தைக் குளிப்பாட்டுபவரும் அவர்தான்.

"ஆரடா தம்பி மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லையக்கா. இனித்தான் ஒராள் வரப்போகுது."

"நாசமறுப்பானே, வாற வழியெல்லாம் செத்த ஆளுக்கு அழுதுகொண்டெல்லோ வந்தனான்," என்றபடி உள்ளே ஓடினார்.

பிள்ளை காற்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும் நின்றிருந்தால் இருவரையுமே இழந்திருப்போம். இருட்டுவதற்குள் அழுகுரல் கேட்டது. பெண்பிள்ளை. பிரேதத்துக்கென்று வந்த வெள்ளைத்துணியில்தான் அவளைச் சுற்றினார்கள்.

ஆபத்துமணியாக அடித்திருந்தால் வந்திருப்பீர்களா என்று வள்ளம் தள்ளிவந்த அண்ணையிடம் கேட்டேன்.

"புயலுக்கு அடிக்கினம் எண்டு நினைச்சு அங்கையே இருந்திருப்பம். பள்ளிக்கூடத்தை விட்டு அசையக்கூடாதெண்டு சொல்லி வச்சிருந்தவை. செத்தவீடெண்டால் போகாமல் இருக்கேலுமே?"

நான் நினைத்தபடி அந்தக் கயிறு ஓடியிருந்தால் அக்கா இல்லை, பிள்ளையும் இல்லை. இப்போது செபமாலையை இருந்து முடிக்கிறேன். கேட்டது கேட்டபடி நடக்காவிட்டால் கோபம் வருகிறதுதான். ஆனால் அது முன்புபோல் நெடுநேரம் நிற்பதில்லை. உங்கள் கையிலும் ஏதாவது கயிறு சிக்கியிருந்தால் விட்டுவிடாதீர்கள், இழுங்கள். எந்த ஓசை யாரைக் கூட்டிவரும் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. எங்களிடம் சாவுக்கு ஒரு மணி இருக்கிறது, ஆபத்துக்கு ஒன்று இருக்கிறது, பிறப்புக்கு ஒன்றும் இல்லை. பங்குச் சுவாமியிடம் கேட்டேன், சிரித்தார், மறுக்கவில்லை. கப்பிக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்ததும் மூன்றாவது விதமாக ஒரு மணி அடித்துப் பார்க்கப் போகிறேன். எப்படி அடிப்பதென்று இன்னும் தெரியவில்லை.