அருவி இங்கே இல்லை

ஜெயசீலி அக்கா இறந்த செய்தி எனக்கு நாகர்கோவிலிலிருந்து வரவில்லை, தான்சானியாவிலிருந்து வந்தது. நம் பல்கலைக்கழகத்தில் படித்துப் போன எம்மானுவேல் அன்று காலை வாட்ஸாப்பில் அழைத்து, "மேடம் இறந்துவிட்டாரா? உண்மையா?" என்று கேட்டான். பழைய மாணவர்களின் குழுவில் அக்காவின் மகள் போட்டிருந்தாளாம். நான்கு வருடம் அடுத்த மேசையில் இருந்த நான் அந்தச் செய்தியை அதுவரை திறந்து பார்க்கவில்லை.

அக்காவை, அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலரும் வெளிநாட்டு மாணவர் சேர்க்கைப் பிரிவில் பார்த்திருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் தெரியும் ஜன்னலோரம், இரண்டு போன், ஒரு பிளாஸ்க் பாலில்லாத கட்டன்சாயா. நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துவிட்டு நைரோபியிலிருந்தோ காத்மாண்டுவிலிருந்தோ யாராவது "ஹாய்" என்று போட்டால் நாங்கள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்போம். அக்கா நிதானமான ஆங்கிலத்தில் குரல்பதிவு அனுப்புவார். ஆடி மாதக் காற்றில் கொடியில் துணி நிற்காது, மதியம் தினமும் சோறுதான், விடுதியில் வெந்நீர் கிடையாது. "இல்லாதத முதல்ல சொல்லணும் மக்கா. இருக்கத அவன் வந்து பாத்துக்கிடுவான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆள் சேர்க்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆளை விரட்டுகிறாரே என்று நினைப்பேன்.

அந்த எரிச்சலில், அக்கா விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில், நான் ஒரு வீடியோ செய்தேன். விடுதியின் பின்கதவு திறக்கிறது, அடுத்த காட்சியில் திற்பரப்பு அருவி கொட்டுகிறது. பொய்யாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பார்க்கிறவனுக்குக் கதவுக்குப் பின்னால்தான் அருவி. நம் பக்கத்தில் போட்டதும் பார்வைகள் குவிந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை நம்பி வந்தவன் எம்மானுவேல். வந்து இறங்கிய மறுநாள் தோளில் துண்டோடு எங்கள் அறைக்கு வந்து, அருவிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டான். நான் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அக்கா எழுந்து நின்றார். "அருவி இங்கே இல்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நாங்கள் உன்னை ஏமாற்றிவிட்டோம். திரும்பிப் போக விரும்பினால் அதற்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்" என்றார். அவன் மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் அக்காவிடம் வந்து, "நீங்கள் இருக்கிறீர்கள் அல்லவா, இருந்து பார்க்கிறேன்" என்றான்.

விஷயம் இயக்குநர்வரை போயிற்று. எங்கள் இருவரையும் நிறுத்தி, இது யார் வேலை என்று கேட்டார். அக்காவின் பணி ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பேஜ் எனக்க பொறுப்பு சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏன்க்கா?" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல்ல. பயந்திட்ட. போட்டு, விடு. அந்த வீடியோவ மட்டும் இன்னைக்கே அழிச்சிரு, கேட்டியா?"

அழித்தேன். ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. தோவாளைப் பக்கம் ஒரு பள்ளி அலுவலகத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. பிறகு எங்கே பார்த்தாலும் "சாயா குடிச்சியா மக்கா?" என்றுதான் கேட்டார். நடந்ததைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொய் வீடியோ போட்டு வேலையை இழந்தவர் என்று அவரைப் பற்றி உங்களில் சிலர் இன்றும் நினைக்கிறீர்கள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில்கூட ஒருவர் என் காதில் அப்படிச் சொன்னார். அதைச் செய்தவன் நான். இன்று காலை இயக்குநருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கா உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அவர் நினைவாக எதை வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், எனக்காக அவர் சுமந்த பழியை. அது முதலிலிருந்தே என்னுடையது.